அந்துக்கு இரையாகும் உழைப்பு

துணியை விற்றுவிட்டால் நம் கடமை தீர்ந்தது என்று சங்க அங்கத்தினர் பலர் எண்ணுகின்றனர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. விற்ற துணி வாங்கியவர் வீட்டுப் பெட்டியில் எவ்வாறு இருக்கின்றது என்பதும், விற்காத துணி நம் கிடங்கில் எவ்வாறு இருக்கின்றது என்பதும் கூட்டுறவின் கணக்கைச் சேர்ந்தவையே.

சென்ற மார்கழிக்குச் சற்று முன்னர், மயிலாப்பூரில் ஒரு விற்பனை நிலையத்தை நாம் தணிக்கை செய்துகொண்டிருந்தபோது, அம்மையார் ஒருவர் பட்டுப் புடவையொன்றைக் கொணர்ந்து மேசைமீது விரித்தார். கச்சேரிக்கு உடுத்தலாமென்று எடுத்தாராம். மடிப்போரத்தில் கடுகளவு துளைகள். "உங்கள் பட்டு இற்றுப்போன பட்டு" என்று சினந்தார். கம்பளிச் சால்வையோடு சேர்த்து ஈராண்டு பெட்டியில் வைத்திருந்ததை விசாரித்தபின் சொன்னார். குற்றம் பூச்சியுடையது, பழியோ நெசவாளர் தலையில் விழுந்தது.

அன்று மாலை அந்நிலையத்தின் கிடங்கைத் திறந்து பார்த்தோம். ஈரச் சுவரோரம் பட்டும் சால்வையும் ஒரே அடுக்கில் கிடந்தன. மேலே நான்கைந்து அந்துருண்டைகள். இருப்புப் பதிவேட்டில் முழு விலை எழுதப்பட்டிருந்த மூன்று சால்வைகள் சல்லடையாகியிருந்தன. முந்திய ஆண்டு எண்ணிக்கையை மட்டும் சரிபார்த்துக் கையொப்பமிட்டவரும் நாமே என்பதை இங்கு மறைப்பதற்கில்லை.

பறக்கும் அந்துப்பூச்சி துணியைத் தின்பதில்லை. அதன் புழுவே தின்கின்றது. கம்பளியிலும் பட்டிலும் உள்ள புரதமே அதற்கு உணவு. வெளிச்சத்தை வெறுத்து, அசையாத இருண்ட மடிப்புகளை அது நாடும். வியர்வையும் உணவுக் கறையும் படிந்த துணியென்றால் அதற்கு விருந்து. தூய பருத்தியை அது பொதுவாகத் தீண்டாது. ஆயினும் கஞ்சியிட்ட பருத்தியை வெள்ளிமீன் பூச்சி அரிக்கும். கந்தையானாலும் கசக்கிக் கட்டச் சொன்ன நம் முன்னோர், பெட்டியில் வைப்பதற்கும் அதுவே விதியென்று அறிந்திருந்தனர் போலும்.

அந்துருண்டை இருக்க அச்சமேன் என்பர் சிலர். நன்கு மூடிய பெட்டியில் அதன் ஆவி செறிந்தாலன்றிப் புழு மடிவதில்லை. அத்துணியைக் காற்றாட விடாமல் பச்சிளங்குழந்தைக்குப் போர்த்தினால், பிறவிக் குறையுள்ள சில குழந்தைகளின் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து உயிருக்கே கேடு வரலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2008 முதல் நாப்தலீன் உருண்டைகளுக்குத் தடையுள்ளது. வேப்பிலையும் வசம்பும் பூச்சியை ஓரளவு அண்டாமல் தடுக்கலாம்; உள்ளே புகுந்துவிட்ட புழுவை அவை கொல்லுமென்று நம்பியிருத்தல் தகாது.

செய்ய வேண்டுவன எளியவை. அழுக்கு நீக்கி, நன்கு உலர்த்தியபின்னரே துணியைப் பெட்டியில் வைக்க வேண்டும். பட்டை நேர் வெயிலில் போடாமல் நிழலில் காற்றாட விட வேண்டும். மூன்று திங்களுக்கொருமுறை எடுத்து உதறி, மடிப்பை மாற்ற வேண்டும். சென்னையின் கடற்காற்றில் பிளாஸ்டிக் உறை ஈரத்தைச் சிறைப்படுத்திச் சரிகையைக் கறுக்கச் செய்யும். மெல்லிய பருத்தித் துணியே தக்க உறை. புழு விழுந்த கம்பளியை மட்டும் பையிலிட்டு இறுகக் கட்டி, பூஜ்யத்திற்குக் கீழ் 18 பாகைக் குளிரில் இரு வாரம் வைத்தால் புழுவும் முட்டையும் அழியும்.

ஆகவே சங்கங்களுக்கு நாம் கூறுவது இது: கிடங்கில் பட்டையும் கம்பளியையும் பிரித்து, சுவரினின்று தள்ளிப் பலகைமீது அடுக்குங்கள். பதிவேட்டில் எண்ணிக்கையோடு சரக்கின் நிலைமைக்கும் ஒரு பத்தி வகுங்கள். பட்டுப் புடவை ஒவ்வொன்றையும், நம் பயிரிடுவோரின் பருத்தியில் நம் தறிகளிலேயே நெய்த உறையிலிட்டு, பராமரிப்புக் குறிப்புடன் கொடுங்கள். இது வீண் செலவு என்பர். பல நாள் உழைப்பின் விளைவைக் காக்க ஒரு முழத் துணி மிகையாகுமா?

1936-இல் அடையாற்றில் ருக்மிணி தேவி தொடங்கிய கலாக்ஷேத்திரம், மரபான புடவைக் கரைகளுக்கும் வண்ணங்களுக்கும் மறுவாழ்வளித்தது. பழம்புடவை பெட்டியில் பழுதின்றி இருந்தாலன்றோ பழைய கரையை மீண்டும் தறியில் ஏற்ற இயலும்? பாட்டியின் புடவை நெசவாளரின் பாடநூல். அதனைப் புழுவுக்கு விடுவது, நாளைய நெசவாளரின் கைம்முதலை இன்றே இழப்பதாகும்.

அடுத்த தணிக்கையில் நாம் மூட்டைகளை எண்ணுவதோடு நில்லாமல், பிரித்தும் பார்ப்போம். அதற்குமுன் அங்கத்தினர்களே பிரித்துப் பார்த்துவிடுவார்களாயின், அதனினும் மகிழ்ச்சி நமக்கு வேறில்லை.