ஊருக்கும் பொறுப்பு, உலகுக்கும் பொறுப்பு

பாலஸ்தீனத்தின் பல்கலைக்கழகங்களில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் படிக்கிறார்கள். ஆனால் வேலை பார்க்கும் பெண்களையும் வேலை தேடும் பெண்களையும் சேர்த்து எண்ணினால்கூட, வேலை செய்யும் வயதிலுள்ள பெண்களில் ஐந்தில் ஒரு பங்கு தேறாது. உள்ளூரில் வேலை இல்லை. பக்கத்து ஊருக்குப் போக வேண்டுமானால் சோதனைச் சாவடிகளைத் தாண்ட வேண்டும். எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று யாருக்கும் சொல்லத் தெரியாது. அதுவரை பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளும் இல்லை. 2023 அக்டோபரில் காஸா போர் தொடங்கிய பின் மேற்குக் கரையிலிருந்து இஸ்ரேலுக்குள் வேலைக்குச் சென்றுவந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் அனுமதி பறிபோனது. அதனால் இளைஞர்களின் நிலையும் இதேதான்.

வேலைக்காக வெளியே போக முடியாத மக்களுக்கு வேலையை ஊருக்குள் உருவாக்குவது ஒன்றே வழி. பாலஸ்தீனத்தின் சமூக மையங்கள் அதைத்தான் செய்துவருகின்றன. அவற்றுள் நிலைத்து நிற்பவற்றின் வரலாறு ஒரே பாடத்தைச் சொல்கிறது: ஊரார் தங்கள் பொறுப்பாக ஏற்ற மையமே நிலைக்கும்.

ரமல்லாவை ஒட்டிய அல்-பீரே நகரில் 1965இல் சமீஹா கலீல் தொடங்கிய ‘இன்ஆஷ் அல்-உஸ்ரா’ சங்கத்தைப் பாருங்கள். கார் நிறுத்தும் கொட்டகை ஒன்றில் பிறந்த அமைப்பு அது. தையல், பூவேலை, உணவுப் பொருள் தயாரிப்பு, குழந்தைகள் காப்பகம், ஆதரவற்ற பிள்ளைகளுக்கான உதவி என்று ஒவ்வொன்றாக வளர்ந்தது. தத்ரீஸ் என்னும் பாலஸ்தீனப் பூவேலையைப் பெண்கள் வீட்டிலிருந்தே செய்து கொடுத்தார்கள். சங்கம் அதை விற்றுக் கூலி கொடுத்தது. சின்னப் பிள்ளைகளை வைத்திருந்த தாயாலும் இதனால் சம்பாதிக்க முடிந்தது. 1988இல், முதல் இன்திபாதா எழுச்சியின்போது, இஸ்ரேலிய ராணுவம் சங்கத்துக்குப் பூட்டுப் போட்டது. ஆயினும் அதன் வேர் கட்டடத்தில் இல்லை, வீடுகளில் இருந்தது. சங்கம் மீண்டும் திறந்தது. 1996இல் சமீஹா கலீல் அதிபர் தேர்தலில் யாசர் அரபாத்தை எதிர்த்து நின்று ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு வாக்குகளைப் பெற்றார். தையல் அறையில் வளர்ந்த பொதுவாழ்வு ஒரு பெண்ணை நாட்டின் தலைமைக்குப் போட்டியிடும் இடம்வரை கொண்டுவந்தது. தத்ரீஸ் கலையை 2021இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பெருமையில் வீட்டுத் திண்ணைகளில் ஊசி பிடித்த பெண்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

1991இல் ரமல்லாவில் தொடங்கப்பட்ட ரிவாக் அமைப்பு வேறு வழியில் போனது. பாலஸ்தீனக் கிராமங்களின் பழைய கல்வீடுகளை அது கணக்கெடுத்தபோது சுமார் 50,000 கட்டடங்கள் பதிவாயின. அவற்றில் பல பாழடைந்து கிடந்தன. ஒரே வீட்டுக்குப் பல வாரிசுகள், அவர்களில் பலர் வெளிநாடுகளில் என்பது இதற்கு ஒரு காரணம். ரிவாக் உரிமையாளர்களிடம் பேசி நீண்டகாலப் பயன்பாட்டுக்கு வீட்டைப் பெறுகிறது; உள்ளூர்க் கொத்தனார்களையும் கூலியாட்களையும் கொண்டு சீரமைக்கிறது; பிறகு ஊரிலுள்ள மகளிர் சங்கத்திடமோ இளைஞர் அமைப்பிடமோ ஒப்படைக்கிறது. வாரிசுகள் வீட்டைத் தருகிறார்கள், கொத்தனார் உழைப்பைத் தருகிறார், ஊராட்சி உடன்படுகிறது, சங்கம் நடத்துகிறது. இந்த நால்வரில் ஒருவர் விலகினாலும் அந்த வீடு மறுபடி பாழாகும். பீர்சைத் ஊரின் பழைய பகுதியை இப்படி மீட்டெடுத்த பணிக்கு 2013இல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது.

பெத்லஹேம் அருகே ஐதா அகதி முகாமில் 1998 முதல் இயங்கும் அல்-ருவ்வாத் மையம் நாடகம், நடனம், ஒளிப்படம் வழியே இளைஞர்களைத் தங்கள் கதையைத் தாங்களே சொல்ல வைக்கிறது. அதே முகாமில், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைப் பெற்ற தாய்மார்கள் ‘நூர்’ என்ற குழுவாகக் கூடி, வெளியிலிருந்து வருவோருக்குச் சமையல் கற்றுத்தருகிறார்கள். அதில் வரும் வருமானம் அந்தப் பிள்ளைகளுக்கே பயன்படுகிறது. தேவை என்ன என்பதை அந்தத் தாய்மார்களே கண்டார்கள். வழியையும் அவர்களே வகுத்தார்கள்.

இதற்கு நேர்மாறான நடைமுறையும் அங்கே வேரூன்றியிருக்கிறது. வெளிநாட்டு நிதியில் ஆறு மாதப் பயிற்சி, ஒரு சான்றிதழ், ஒரு குழுப்படம். நிதி முடிந்ததும் அறைக்குப் பூட்டு. எதைக் கற்பிப்பது என்பதை நிதி தருவோரின் தலைநகரம் முடிவுசெய்தால், ஊர் வெறும் பயனாளியாகிவிடும். பயனாளிக்கு நன்றி சொல்லத்தான் இடமுண்டு, கேள்வி கேட்க இடமில்லை. இந்த முறை மாறியாக வேண்டும்.

சமூக மையம் அரசியல் உரிமைக்கு ஈடாகாது என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். மேற்குக் கரையின் சுமார் 60 விழுக்காடு நிலத்தில், ‘சி’ பகுதியில், ஓர் அறை கட்டவும் இஸ்ரேலின் அனுமதி வேண்டும். பாலஸ்தீனர்களுக்கு அது கிடைப்பது அரிது. காஸாவின் பண்பாட்டு வாழ்வுக்கு மையமாக இருந்த ரஷாத் ஷவா மையம் 2023 போரில் இடிந்து போனது. 2025இல் ஜெனின், துல்கரம், நூர் ஷம்ஸ் முகாம்களிலிருந்து ஏறத்தாழ 40,000 பேர் விரட்டப்பட்டனர். ஊரையே காலிசெய்தால் ஊர் மையம் எங்கே நிற்கும்? குடிமக்களின் கூடத்தைத் தாக்காமல் விடுவது ஆக்கிரமிப்பவருக்குச் சர்வதேசச் சட்டம் விதிக்கும் கடமை. அதை வலியுறுத்த வேண்டியது உலக நாடுகளின் கடமை.

எனவே பொறுப்பைப் பகிர்வோம். உள்ளாட்சிகள் இடமும் மின்சாரமும் தந்து, மையத்தின் நிர்வாகத்தைச் சங்கங்களிடமே விட வேண்டும். உள்ளாட்சி மன்றங்களில் பெண்களுக்கான இடஒதுக்கீடு 2005 முதல் சட்டத்தில் இருக்கிறது. மையங்களின் நிர்வாகக் குழுக்களிலும் பெண்களும் இளைஞர்களும் வாக்குரிமையோடு அமர வேண்டும். மகளோ மருமகளோ மையத்துக்குப் போகும் நேரத்தில் வீட்டு வேலையையும் பிள்ளைகளையும் ஆண்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். எந்த நிதியாலும் வாங்க முடியாத உதவி அது. நிதி தருவோர் மாதக் கணக்கை விட்டு ஆண்டுக் கணக்கில் துணை நிற்க வேண்டும். பயிற்சியோடு கடமை முடிந்ததாக எண்ணாமல், செய்த பொருளுக்குச் சந்தையும் தேடித்தர வேண்டும்.

நமக்கும் இதில் பங்கு உண்டு. பெண்களை முன்னேற்ற ‘துராதி’ என்ற மையத்தைப் பாலஸ்தீனத்தில் 50 லட்சம் டாலர் செலவில் அமைக்க இந்தியா 2018இல் உடன்பாடு செய்தது. அந்தப் பணம் நம் வரிப்பணம். அங்கே முடிவெடுப்பவர்கள் யார், உள்ளூர்ப் பெண்களுக்கு நிர்வாகத்தில் இடமுண்டா, வேலை எத்தனை பேரை எட்டும் என்று நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்பது நம் உரிமை.

தங்கள் ஊரில் இருந்தபடியே கற்கவும் உழைக்கவும் முடிவெடுக்கவும் வேண்டும் என்பதே அந்த இளைஞர்களும் பெண்களும் கேட்பது. இரக்கப்பட்டு ஒருமுறை கொடுத்துவிட்டு ஒதுங்குவது எளிது. அவர்கள் நடத்தும் மையங்களுக்கு ஆண்டுக்கணக்கில் தோள்கொடுப்பதும், அவற்றை இடிக்க வருவோரைத் தடுத்து நிறுத்தக் குரல்கொடுப்பதும்தான் நாம் ஏற்க வேண்டிய பொறுப்பு.