கோயிலும் கண்மாயும் சேர்ந்ததுதான் ஊர்

பிரான்சு தேசத்தில் போர்தோ நகரத்துக்குப் பக்கத்தில் சேந்த் எமிலியோன் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. திராட்சை மதுவுக்குப் பேர் போன ஊர். 8-ஆம் நூற்றாண்டில் எமிலியோன் என்கிற துறவி அங்கே வந்து குகையில் தங்கினாராம். அவர் பெயரே ஊருக்கும் நிலைத்துவிட்டது. பின்னால் வந்தவர்கள் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து பெரிய தேவாலயம் ஒன்றையே செய்துவிட்டார்கள்.

படித்தபோது எனக்கு நம் திருச்சுழிதான் ஞாபகம் வந்தது. மதுவைச் சொல்லவில்லை, சிரிக்காதீர்கள்! நம் ஊரும் தெய்வத்தாலும் துறவியாலும் பேர் பெற்ற ஊர்தானே. பிரளய வெள்ளத்தைச் சிவன் சூலத்தால் குத்திச் சுழித்துப் பூமிக்குள் இறங்க வைத்ததால் சுழியல் என்ற பெயர் வந்ததாகத் தலபுராணம் சொல்லும். திருமேனிநாதரையும் துணைமாலையம்மனையும் கும்பிடச் சுந்தரர் வந்து பதிகம் பாடியிருக்கிறார். 1879 டிசம்பர் 30-ஆம் தேதி, ஆருத்ரா தரிசனத்தன்று, ரமண மகரிஷி பிறந்ததும் இங்கேதான். அவர் பிறந்த வீடு சுந்தர மந்திரம் என்ற பெயரில் இன்றும் இருக்கிறது.

ஆனால் ஒரு வித்தியாசம். 1999-இல் யுனெஸ்கோ அந்தப் பிரெஞ்சு ஊரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது தேவாலயத்தை மட்டும் சேர்க்கவில்லை. சுற்றியுள்ள கிராமங்களையும் திராட்சைத் தோட்டங்களையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. கட்டடம் எவ்வளவு பழமையோ, அதே அளவு பழமை அந்த வெள்ளாமைக்கும் உண்டு என்பதுதான் காரணம்.

நாமோ கோயிலை மட்டும் பழமை என்கிறோம். கண்மாயை யாரும் அப்படிச் சொல்வதில்லை. என் கருத்தில் கண்மாயும் கோயிலைப் போலப் பழம்பெருமைதான். குண்டாற்றில் என்றைக்கோ ஒருநாள் வரும் தண்ணீரை வரத்துக்கால் வழியாகத் திருப்பி, கண்மாயில் தேக்கி, மடை திறந்து வயலுக்கு விட்டு, மிஞ்சியதைக் கலுங்கு வழியாக அடுத்த கண்மாய்க்கு அனுப்பிய அறிவு சாதாரணமா? அந்த வரத்துக்காலில் இப்போது சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. கோயில் மதிலில் ஒரு செடி முளைத்தால் பதறுகிறோம். கண்மாய்க்குள் காடே முளைத்தாலும் கண்டுகொள்வதில்லை.

அந்த ஊரில் 'ஜுராட்' என்று ஒரு ஊர்ச்சபை இருக்கிறது. 1199-இல் அந்தப் பக்கம் இங்கிலாந்து ராஜாவின் ஆளுகையில் இருந்தபோது ஏற்பட்டது. எந்த நாளில் அறுவடை தொடங்கலாம், எந்தச் சரக்கு தரமானது என்று தீர்மானித்ததெல்லாம் அந்தச் சபைதான். நடுவில் நின்றுபோனதை 1948-இல் மறுபடி உயிர்ப்பித்தார்கள். நம்மிடமும் குடிமராமத்து இருந்தது. வீட்டுக்கொரு ஆள் மண்வெட்டியோடு போய் நிற்பார். எந்த வயலுக்கு எவ்வளவு தண்ணீர் என்று நீர்பாய்ச்சி சொன்னால் அதுதான் சட்டம். அதை ஏன் நாம் உயிர்ப்பிக்கக் கூடாது?

"அது செழிப்பான நாடு ஐயா, நம்முடையது வானம் பார்த்த பூமி" என்பீர்கள். அவர்கள் பெரிய தோட்டங்களில் பலவும் மெல்லிய மண் போர்த்திய சுண்ணாம்புப் பாறைமேல்தான் இருக்கின்றன. மண்ணின் குணத்தையே சரக்கின் பெயராக்கினார்கள், அவ்வளவுதான். நமக்கும் அது புதிதில்லை. நம் மாவட்டத்து ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023-இல் கிடைத்தது. 1985 வரை நாமும் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்கள்தானே!

திருச்சுழிக்குக் காரில் வருகிறவர்கள் தரிசனம் செய்கிறார்கள், சுந்தர மந்திரத்தில் சற்று உட்கார்கிறார்கள், புறப்பட்டுவிடுகிறார்கள். அவர்கள் கையில் நம் கரிசலில் விளைந்த வத்தல் ஒரு பை, குதிரைவாலி ஒரு படி, கருப்பட்டி ஒரு வட்டு கொடுத்தனுப்ப சந்நிதித் தெருவில் நல்ல கடை ஒன்று வேண்டும். நடத்துவது ஊர்ப் பெண்களாக இருக்கட்டும். திருப்பூருக்கும் சென்னைக்கும் போன பிள்ளைகளில் நாலு பேராவது திரும்பி வர அது ஒரு வழியாகும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. அந்தப் பிரெஞ்சு ஊரின் பழைய தெருக்களில் இன்று வீட்டைவிடக் கடைதான் அதிகம். குடியிருப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். வாசலில் கோலம் போட ஆள் இல்லாத ஊர் எவ்வளவு அழகாக இருந்து என்ன பயன்? ஆகவே வருகிறவர்களுக்காக ஊரை மாற்ற வேண்டாம். இருக்கிறவர்கள் பிழைக்கும்படி ஊரை வைத்திருந்தால் போதும், வருகிறவர்கள் தானாக வருவார்கள்.

அடுத்த ஆருத்ராவுக்குப் பேரப்பிள்ளைகளை அழைத்து வரும்போது, தரிசனம் முடிந்ததும் கண்மாய்க் கரைக்கும் கூட்டிப் போங்கள். மடை எது, கலுங்கு எது என்று காட்டிக் கொடுங்கள். அதைச் சொல்லத் தெரிந்த கடைசித் தலைமுறை நாமாக இருந்துவிடக் கூடாது.