பிள்ளைகளின் கட்டுச்சோறும் பெரியவர்களின் ஆசாரமும்

பள்ளிக்கூடம் திறக்கும் மாதம் வந்துவிட்டால், புஸ்தகத்திற்கும் சட்டைக்கும் சம்பளத்திற்கும் நமது ஜனங்கள் படும் கவலை கொஞ்சநஞ்சமல்ல. கடன் வாங்கியாவது கட்டிவிடுகின்றார்கள். ஆனால் அந்தப் பிள்ளை மத்தியானம் டப்பாவைத் திறந்தால் அதற்குள் என்ன இருக்கின்றது என்று அறிந்த தகப்பன்மார்கள் 100க்கு எத்தனை பேர் என்று கேட்கின்றோம். "அது பொம்பளை பார்க்கிற காரியம்" என்று சொல்லிவிட்டு அவர்கள் பத்திரிகை படிக்கின்றார்கள். படிப்பு ஏறவில்லை என்றால் அடிக்கின்றவர்கள் உண்டு; ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஜோசியனிடம் ஓடுகின்றவர்கள் உண்டு; சரஸ்வதிக்குப் பூஜை போடுகின்றவர்களும் உண்டு. டப்பாவைத் திறந்து பார்க்கின்றவர்கள்தான் இல்லை.

திறந்து பார்த்தால் என்ன தெரியும்? வெள்ளை வெளேரென்று தீட்டின அரிசிச் சோறு. அதில் புளியோ தயிரோ கலந்திருக்கும். ஓரத்தில் ஒரு துண்டு ஊறுகாய், அல்லது நாலு உருளைக்கிழங்கு வறுவல். வயிறு நிறையும் என்பது வாஸ்தவம். சதை வளர்வதற்கும் இரத்தம் ஊறுவதற்கும் அதில் என்ன இருக்கின்றது? ஜாவாத் தீவில் எய்க்மன் என்ற டச்சு டாக்டர், தீட்டின அரிசியையே தின்ற கோழிகள் கால் விழுந்து போனதையும், தீட்டாத அரிசியைப் போட்டதும் அவை தேறி எழுந்ததையும் 1890களிலேயே கண்டறிந்தார். அதற்காக 1929ல் அவருக்கு நோபல் பரிசும் கொடுத்தார்கள். நாமோ இன்னும் தவிட்டை மாட்டுக்கும் தீட்டின அரிசியைப் பிள்ளைக்கும் வைப்பதை நாகரிகம் என்று எண்ணிக்கொண்டிருக்கின்றோம். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டோரத்தில் உள்ள சத்தில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கிவிடுகின்றது. ஆகவே, ஆசாரத்திற்கு ஆகாதென்று புரோகிதர் தள்ளிவைத்த புழுங்கலரிசி, அவர் மெச்சும் பச்சரிசியைவிடப் பிள்ளையின் தேகத்திற்கு நல்லது!

நிற்க, முட்டை விஷயத்திற்கு வருவோம். சில தனியார் பள்ளிக்கூடங்களிலிருந்து பெற்றோர்களுக்கு ஒரு சுற்றறிக்கை வருகின்றது. முட்டையோ மாமிசமோ டப்பாவில் கொடுத்தனுப்பக் கூடாது என்பது அதன் சாரம். அப்படி ஒன்றை நமது தோழர் ஒருவர் கொண்டுவந்து காட்டினார். காரணம் கேட்டதற்கு, "மற்றப் பிள்ளைகளுக்கு வாடை ஒத்துக்கொள்ளாது, அவர்கள் மனம் புண்படும்" என்று சொன்னார்களாம். பெருங்காய வாடையும் நெய் வாடையும் ஒத்துக்கொள்ளாத பிள்ளை ஒன்றாவது அந்த வகுப்பில் இராதா? அதன் மனம் புண்படுவதைப்பற்றி எந்தத் தலைமை உபாத்தியாயராவது சுற்றறிக்கை அனுப்பியிருக்கின்றாரா? மனம் என்பது சில ஜாதியாருக்கு மாத்திரந்தான் உண்டு போலும்!

சர்க்கார் பள்ளிக்கூடத்தின் கதையைப் பாருங்கள். 1920ல் சென்னை நகரசபை ஆயிரம் விளக்கில் உள்ள பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பகல் உணவு போட ஆரம்பித்தது. 1956ல் காமராஜர் ஆட்சியில் அது நாடெங்கும் பரவத் தொடங்கிற்று. 1982ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக விரிந்தது. 1989ல் கலைஞர் ஆட்சியில் முட்டை வந்தது; 2010 முதல் பள்ளி நடக்கும் வாரத்தில் 5 நாளும் முட்டை. ஆகவே கூலிக்காரன் பிள்ளை இலவசமாக முட்டை தின்கின்றது. ஆயிரக்கணக்கில் சம்பளம் கட்டுகின்றவன் பிள்ளைக்கோ, தன் வீட்டு முட்டையைக்கூடக் கொண்டுபோகச் சுதந்திரமில்லை. முட்டையை இழப்பதற்காகப் பணம் கட்டுகின்ற புத்திசாலிகள் உலகத்தில் வேறெங்கு இருக்கின்றார்கள்?

இது விளையாட்டுக் காரியமல்ல. ஐக்கிய மாகாணம் என்று முன்னே சொல்லப்பட்ட உத்தரப்பிரதேசத்தில், அம்ரோஹா என்னும் ஊரில், 2024ல் ஒரு சிறு பையன் மாமிசச் சாப்பாடு கொண்டுவந்தான் என்று பள்ளிக்கூடத்தை விட்டே விலக்கப்பட்டான். அவன் தாய் அலகாபாத் ஹைக்கோர்ட் வரை போகவேண்டியதாயிற்று. நமது நாட்டிலும் பிள்ளைகளின் சோறு சண்டையானது புதிதல்ல. சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட்டதும், அதன்மேல் 1924, 1925ம் வருஷங்களில் நாடே கிளர்ந்ததும் நமது வாசகர்கள் அறிந்ததே. அன்று பந்தியைப் பிரித்தார்கள்; இன்று பந்தி ஒன்றுதான், ஆனால் அதில் ஒரு கூட்டத்தின் சோறு மாத்திரம் செல்லும் என்கின்றார்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்பது நமக்கு விளங்கவில்லை.

வெளியாரை மாத்திரம் குற்றம் சொல்லிப் பயனில்லை. முட்டை தின்னும் நமது வீடுகளில் நடப்பதென்ன? செவ்வாய், வெள்ளி, அமாவாசை, கிருத்திகை என்று கழித்தால் வாரத்தில் எத்தனை நாள் மிஞ்சும்? புரட்டாசி முழுவதும் கிடையாது. புரட்டாசி முடியட்டும் என்று பிள்ளையின் எலும்பு வளராமல் காத்துக்கொண்டிருக்குமா?

மிஞ்சின நாளிலும் முட்டை ஆண் பிள்ளையின் டப்பாவுக்குத்தான் போகின்றது. பெண்ணுக்கு அது "சூடு", சீக்கிரம் ஆளாகிவிடுவாளாம். 2019-21ல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கைப் பாருங்கள். இந்தியாவில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் 100க்கு 59 பேருக்கு இரத்தச் சோகை. அதே வயது ஆண்களில் 100க்கு 31 பேருக்கு. மாதாமாதம் இரத்தம் போவதால் அப்படி என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். அப்படியானால் யாருக்கு அதிகம் வைக்கவேண்டும்? இரத்தம் போகின்றவளுக்கா, போகாதவனுக்கா? ஒரு வீட்டில் இரண்டு டப்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திறந்து பார்த்தால், பெண்ணடிமை எங்கே தொடங்குகின்றது என்பதற்கு வேறு சாக்ஷி வேண்டியதில்லை.

ஆசாரத்தை விட்டவர்களை விளம்பரம் பிடித்துக்கொள்கின்றது. டப்பாவில் பிஸ்கோத்து, காலையில் சர்க்கரை கலந்த ஏதோ ஒரு மாவு. 2024 ஏப்ரலில் இந்திய சர்க்காரின் வர்த்தக இலாகா, இத்தகைய பானங்களை "ஆரோக்கிய பானம்" என்ற தலைப்பில் வைத்து விற்கக்கூடாதென்று இணைய வியாபாரிகளுக்கு அறிவித்தது. பூசாரி சொன்னதை நம்பாதவன், படத்தில் வரும் விளையாட்டுக்காரன் சொன்னதை நம்புவது என்ன பகுத்தறிவோ!

நல்ல கட்டுச்சோற்றுக்குப் பணக்காரனாக இருக்கவேண்டியதில்லை. புழுங்கலரிசிச் சோற்றோடு கெட்டியான பருப்போ கீரையோ, ஒரு பிடி கொண்டைக்கடலைச் சுண்டலோ அவித்த வேர்க்கடலையோ போதும். முட்டை தின்கின்றவர்களுக்கு ஒரு முட்டை. அதில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் உண்டு. தின்னாதவர்களைக் கட்டாயப்படுத்த நாம் வரவில்லை, அவர்கள் பருப்பையும் கடலையையும் கூட்டிக்கொள்ளட்டும். எலுமிச்சைச் சாறு கொஞ்சம் பிழிந்தாலும், ஒரு கொய்யாப்பழம் வைத்தாலும் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்து தேகத்தில் நன்றாகச் சேரும். சாப்பாட்டோடு தேயிலைத் தண்ணீர் குடித்தால் சேராது. கம்படை, கேழ்வரகு அடையை "பட்டிக்காட்டுச் சாப்பாடு" என்று பிள்ளை வெட்கப்பட்டால், அந்த வெட்கத்தைக் கற்றுக்கொடுத்தது நாம்தான்.

இவ்வளவையும் விடியற்காலை எழுந்து யார் செய்வது? வேலைக்குப் போகின்ற தாய் ஒருத்தியே செய்யவேண்டுமென்று நாம் சொன்னால், அது அவளுக்கு இன்னொரு விலங்கு போட்டதாகும். தகப்பனுக்கும் இரண்டு கை இருக்கின்றது. கடலையை இரவே ஊறப்போடவும், முட்டையை அவிக்கவும், டப்பாவைக் கழுவவும் சாஸ்திரம் படித்திருக்கவேண்டியதில்லை.

இன்னொன்று. "அவன் டப்பாவில் கை வைக்காதே, அவர்கள் வேறே" என்று காதோடு சொல்லியனுப்புகின்ற தாய் தகப்பன்மார்கள் நமது கூட்டங்களுக்கு வந்து கைதட்டுகின்றவர்களிலும் உண்டு என்பது நமக்குத் தெரியும். பிள்ளைகள் பெரும்பாலும் அதைக் கேட்பதில்லை. மரத்தடியில் உட்கார்ந்து ஒன்றன் சோற்றை ஒன்று தின்றுவிட்டு, வீட்டில் வந்து பொய் சொல்லுகின்றன. அந்தப் பொய்க்காக எந்தப் பிள்ளையையும் அடிக்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுகின்றோம்.

முட்டைச் சுற்றறிக்கை வந்த தோழர்கள் வாயால் சண்டை போடாமல், எந்தச் சட்டப்படி இந்தத் தடை என்று பள்ளிக்கூடத்திற்கு எழுத்து மூலம் கேட்கட்டும். பதில் வந்தால் நமக்கு அனுப்பட்டும். ஒரு எழுத்தும் மாற்றாமல் வெளியிடத் தயாராயிருக்கின்றோம்.