விண்வெளிப் படமும் விமரிசனச் சிரிப்பும்

பள்ளி ஆண்டு மலரில் சினிமாவைப் பற்றி எழுதலாமா என்று சிலருக்குத் தோன்றலாம். நான் எழுத வந்தது சினிமாவைப் பற்றிக்கூட அல்ல. சினிமாவைப் பார்த்துவிட்டு அதைக் கேலி செய்து கைப்பேசியில் பேசுகிறவர்களைப் பற்றி! மதிப்பிற்குரிய சகோதரிகளும் பெற்றோரும் முகம் சுளிக்காமல் இரண்டு பக்கங்கள் பொறுத்தருள வேண்டும். ஏனெனில் இந்தக் கேலி நம் வீட்டுக்குள் வந்து வெகு நாளாயிற்று. இரவு ஷிப்டு முடித்து வரும் அண்ணன்மார் டீக்கடை பெஞ்சில் அதைக் கேட்கிறார்கள். பள்ளி வேனில் ஆறாம் வகுப்புச் சிறுமி அந்தக் குரலிலேயே பேசிக் காட்டுகிறாள். படத்தைப் பார்த்தவர்களைவிடப் படத்தின் கேலியைப் பார்த்தவர்களே எங்கள் வகுப்பில் அதிகம்.

தமிழில் இந்த வகை விமரிசனத்தின் முகமாகிப் போனவர் ‘புளூ சட்டை’ மாறன். இளமாறன் என்பது அவருடைய பெயர். ‘தமிழ் டாக்கீஸ்’ என்ற யூடியூப் சேனலில் நீலச் சட்டை அணிந்து, உலகமே அலுத்துவிட்டது போன்ற ஒரு குரலில் கதையைச் சொல்லிக்கொண்டே போவார். சொல்லும் விதத்திலேயே கதையின் ஓட்டைகள் வெளியே தெரிந்துவிடும். 2021இல் ‘ஆன்ட்டி இண்டியன்’ என்ற படத்தை அவரே இயக்கி வெளியிட்டார். தேர்வுத்தாள் திருத்துகிறவர் தாமே தேர்வு எழுத உட்கார்ந்தது போன்ற காரியம் அது. எல்லோருக்கும் அந்தத் துணிவு வராது.

எல்லாப் படங்களையும்தான் கேலி செய்கிறார்கள். ஆனால் அறிவியல் புனைகதைப் படங்களைக் கேலி செய்யும்போது சிரிப்பு ஒரு பங்கு கூடுதலாக வருகிறதே, ஏன்? கதாநாயகன் ஒரே ஆளாக முப்பது பேரை அடித்தால் நாம் கேள்வி கேட்பதில்லை. அது சினிமாவின் வழக்கம் என்று விட்டுவிடுகிறோம். விண்வெளிப் படமோ, வெள்ளைக் கோட்டு அணிந்த ஒருவரை நிறுத்தி, “இது விஞ்ஞானம்” என்று நம்மிடம் சத்தியம் செய்கிறது. சத்தியம் செய்தவன் தடுக்கி விழுந்தால் சிரிப்பு வரத்தானே செய்யும்!

‘ஏழாம் அறிவு’ (2011) படத்தை எடுத்துக்கொள்வோம். போதிதர்மரின் வித்தைகள் எல்லாம் அவருடைய வழித்தோன்றலின் மரபணுவில் உறங்கிக் கிடக்கின்றனவாம். தட்டி எழுப்பினால் எழுந்துவிடுமாம். எங்கள் உயிரியல் வகுப்பில் ஒருத்தி எழுந்து கேட்டாள்: “அப்படியென்றால் எங்கள் அப்பா இருபது வருடமாக ஓவர்லாக் டெய்லர். எனக்கு ஏன் ஊசியில் நூல் கோக்கக்கூட வரவில்லை?” வகுப்பே சிரித்தது, ஆசிரியையும் சிரித்துவிட்டார். ஒரு மனிதன் தன் வாழ்நாளில் கற்றுக்கொண்ட வித்தை பிள்ளையின் மரபணுவில் போய் எழுதப்படுவதில்லை என்ற பாடம் அன்று எங்களுக்கு மறக்க முடியாதபடி பதிந்தது. பாடப்புத்தகத்தில் அது ஒரு பக்கம் முழுக்க இருக்கிறது. பதிந்தது என்னவோ ஓவர்லாக்கினால்தான்.

‘2.0’ (2018) படத்திலும் அப்படித்தான். கைப்பேசிக் கோபுரங்களின் கதிர்வீச்சினால் பறவைகள் மடிகின்றன என்பது அந்தப் படத்தின் அடித்தளம். படம் வெளிவருமுன்பே கைப்பேசி நிறுவனங்களின் சங்கம் தணிக்கை வாரியத்திடம் முறையிட்டது. நிறுவனங்களுக்கு அவரவர் வியாபாரம், அவர்களை விட்டுவிடுவோம். படத்தைப் பார்த்து வந்த என் தம்பி கேட்டான்: “இவ்வளவு கதிர்வீச்சுக்கும் நம்ம காக்கா மட்டும் எப்படிக் கொழுத்துத் திரியுது?” கேலிதான். ஆனாலும் அதற்குள் ஒரு நல்ல விஞ்ஞானக் கேள்வி இருக்கிறது. சிட்டுக்குருவி குறைந்ததற்கு, கூடு கட்ட இடம் அற்றுப் போனதும், குஞ்சுக்கு ஊட்டப் புழு பூச்சி இல்லாமற் போனதும் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. கோபுரம்தான் கொன்றது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஓட்டு வீடு போய்க் கான்கிரீட் வீடு வந்த நம் தெருக்களில் நடந்தாலே பாதி விடை கிடைக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். விண்வெளிப் படங்களில் கலம் வெடிக்கும்போது காது கிழிகிறதே, காற்றில்லாத வெளியில் ஒலி எப்படிப் பயணம் செய்யும்? விண்வெளி வீரர்கள் மிதப்பது அங்கே ஈர்ப்பு விசை இல்லாததால் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், பன்னாட்டு விண்வெளி நிலையம் சுற்றும் இடத்தில், பூமியின் ஈர்ப்பு ஏறத்தாழ 90 சதவீதம் அப்படியேதான் இருக்கிறது. நிலையமும் மனிதரும் சேர்ந்தே பூமியைச் சுற்றி விழுந்துகொண்டே இருப்பதால் அவர்கள் மிதக்கிறார்கள். இதையெல்லாம் தெரிந்துகொண்டு கேலி பேசுகிறவர் எனக்கு ஓர் ஆசிரியரைப் போன்றவர். தெரியாமல் சிரிக்கிறவர் வெறும் கூச்சல்காரர்.

இந்த வித்தை நம் ஊரில் பிறந்ததன்று. யூடியூப் பிறப்பதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே, 1988 நவம்பரில், அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஓர் உள்ளூர்த் தொலைக்காட்சியில் ‘மிஸ்டரி சயன்ஸ் தியேட்டர் 3000’ என்ற நிகழ்ச்சி தொடங்கியது. விண்வெளியில் தனியே அடைபட்ட ஒரு மனிதன்; அவனுக்குத் தண்டனை, மட்டமான பழைய படங்களைப் பார்த்தே தீர வேண்டும் என்பது! தனிமை தாளாமல் அவன் இயந்திரத் தோழர்களைச் செய்துகொள்கிறான். திரையின் அடிப்பகுதியில் மூவரின் நிழல்கள் தெரியும். படம் ஓட ஓட மூவரும் கேலி பேசிக்கொண்டே இருப்பார்கள். அந்த இயந்திர மனிதர்களில் ஒன்று மிட்டாய் உருண்டை விற்கும் கண்ணாடிப் பெட்டியாலும், மற்றொன்று பந்து விளையாட்டுக் கட்டை, பிளாஸ்டிக் சாமான் இவற்றாலும் செய்யப்பட்டவை. நம் அறிவியல் கண்காட்சி மாதிரிகளைப் போலவே! எனக்கு அந்த நிகழ்ச்சியில் பிடித்தது வேறு: அவர்கள் படத்தை முதலிலிருந்து கடைசி வரை உட்கார்ந்து பார்த்தார்கள். எவ்வளவு மட்டமான படமானாலும் பாதியில் எழுந்து போகவில்லை.

2009இல் மைக் ஸ்டொக்லாசா என்பவர் ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையில் 1999இல் வந்த ‘பேண்டம் மெனஸ்’ படத்தைப் பற்றி ஏழு பகுதிகளாக, சுமார் 70 நிமிடம் ஓடும் விமரிசனம் வெளியிட்டார். பிளிங்கெட் என்ற கிழவனின் குரலில் அது அமைந்தது. அதிலே ஓர் அருமையான சோதனை வருகிறது. ஒரு பாத்திரத்தின் தோற்றத்தையும் உடையையும் தொழிலையும் சொல்லாமல் அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லுங்கள் என்று சிலரைக் கேட்கிறார். பழைய படத்தின் பாத்திரங்களைப் பற்றிச் சொற்கள் மடமடவென்று வருகின்றன. புதிய படத்தின் பாத்திரம் என்றதும் விழிக்கிறார்கள். பாத்திரப் படைப்பைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யார் பாடம் நடத்த முடியும்? தோழியரே, நீங்கள் கடைசியாகப் பார்த்த படத்தின் கதாநாயகியை இந்தச் சோதனையில் வைத்துப் பாருங்கள். “அழகாக இருப்பாள்” என்று சொல்லக் கூடாது!

ஆனால் அதே விமரிசனத்தில் அந்தக் கிழவன் தன் மனைவிமாரைக் கொன்றதையும், நிலவறையில் ஒரு பெண்ணை அடைத்து வைத்திருப்பதையும் வேடிக்கையாகப் பேசுகிறான். அது பாத்திரம்தான், நடிப்புத்தான் என்பார்கள். இருக்கட்டும். அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் ஊர் விமரிசனங்களிலும் படத்தின் ஓட்டையைச் சொல்லிக்கொண்டே வருகிறவர் திடீரென்று நடிகையின் உடம்புக்கும் நிறத்துக்கும் வயதுக்கும் தாவிவிடுகிற இடங்கள் உண்டு. கதை கெட்டதற்கும் அவள் பருமனுக்கும் என்ன தொடர்பு?

என் தாயார் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை செய்கிறார். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான பீஸ்கள் அவர் கை வழியே போகும். ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம், நிற மாற்றம் எதுவானாலும் குற்றம் இருக்கும் இடத்துக்கு நேராக அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி வைப்பார். திருத்தக் கூடியது டெய்லரிடமே திரும்பிப் போகும். மற்றது டேமேஜில் சேர்ந்து, ஒரு நாள் காதர்பேட்டைக் கடைகளுக்குப் போய்ச் சேரும். இந்த விமரிசனங்களை ஒரு நாள் அவருக்குப் போட்டுக் காட்டினேன். நன்றாகச் சிரித்தார். பிறகு, “தப்பு எங்கிருக்குதுன்னு காட்டறதுக்குத்தான் கண்ணு எனக்குச் சம்பளம். டெய்லர் மூஞ்சி நல்லா இல்லைன்னு சொல்றதுக்கு இல்லை” என்றார். அம்புக்குறி ஒட்டாமல் “இந்த பண்டல் முழுக்கக் குப்பை” என்று தூக்கி எறிகிற செக்கரை எந்தக் கம்பெனியும் ஒரு வாரம் வைத்திருக்காது என்றும் சொன்னார்.

அம்புக்குறி ஒட்டினால் பயன் உண்டா? உண்டு. 2024 நவம்பரில் வந்த ‘கங்குவா’, 1070ஆம் ஆண்டையும் 2024ஆம் ஆண்டையும் இணைத்துச் சொன்ன கதை. குழந்தைகள்மீது ஆராய்ச்சி நடத்தும் கூடமும் அதில் உண்டு. படத்தின் இரைச்சலைப் பற்றி எங்கும் ஒரே கேலி. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு போகச் சொன்னவர்களும் உண்டு. உடனே படத்தின் தயாரிப்பாளரே, ஒலி அளவைக் குறைத்து வைக்கும்படி திரையரங்குகளைக் கேட்டுக்கொண்டார். குற்றம் இன்னதென்று காட்டிய கேலி சில நாட்களில் வேலை செய்துவிட்டது பாருங்கள்! அதே சமயம், காலைக் காட்சி முடியுமுன்பே படத்தையும் நடிகரையும் அவர் குடும்பத்தையும் சேர்த்து ஏசியவர்களால் யாருக்கு என்ன நன்மை விளைந்தது?

இதையெல்லாம் கண்டு தயாரிப்பாளர்கள் சங்கத்தார், முதல் மூன்று நாட்களுக்கு இணையத்தில் விமரிசனமே கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றத்தை நாடினார்கள். 2024 டிசம்பரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்துவிட்டது. விமரிசனம் கருத்துரிமையைச் சேர்ந்தது என்றது. சரியான முடிவென்றே நான் நினைக்கிறேன். டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்தவரின் வாயை மூன்று நாள் கட்டி வைப்பது எந்த ஊர் நியாயம்? சட்டத்தால் தடுக்க வேண்டாம் என்று சொல்லும் நான், கேட்கிறவர்கள் பிரித்தறிய வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்வேன். பார்க்கிற நாம் கைதட்டுவதனால்தானே அந்தக் குரல் இன்னும் உயர்கிறது?

நம் மொழியில் இந்த வகைப் படங்கள் குறைவு என்பதையும் நினைக்க வேண்டும். 1963 ஏப்ரலில் ‘கலை அரசி’ வந்தது. எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்தது, ஏ. காசிலிங்கம் இயக்கியது. விஞ்ஞானத்தில் தேர்ந்த வேற்றுலகத்தார் தங்களிடம் கலை இல்லையே என்று பானுமதியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்! இன்று பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் வாலண்டினா தெரஷ்கோவா விண்வெளிக்குச் சென்ற முதல் பெண்ணானது அதே ஆண்டு ஜூன் மாதத்தில். அதற்கு இரண்டு மாதம் முன்பே தமிழ்ப்படம் ஒரு பெண்ணை வேற்றுலகத்துக்கு அனுப்பிவிட்டது. அந்தத் தேதிகளைத் தெரிந்துகொண்டு சிரித்தால் சிரிப்பிலே கொஞ்சம் பெருமையும் கலக்கிறது.

நமக்கு இன்னும் நெருக்கமான பெருமையும் ஒன்று உண்டு. கால இயந்திரத்தை வைத்து ‘இன்று நேற்று நாளை’ (2015) எடுத்த இயக்குநர் ஆர். ரவிக்குமார் நம் திருப்பூர்க்காரர். அவருடைய அடுத்த படமான ‘அயலான்’ படப்பிடிப்பு தொடங்கியது 2018இல். திரைக்கு வந்ததோ 2024 பொங்கலுக்கு. அந்த வேற்றுலக உருவத்துக்காகப் பல்லாயிரம் மணி நேரம் கணினிமுன் உட்கார்ந்தவர்கள் உண்டு. ஆறு ஆண்டு உழைப்பை எட்டு நிமிடத்தில் கேலி செய்யலாமா என்றால், செய்யலாம். ஆனால் அந்த எட்டு நிமிடத்தில் எங்கே ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

இவ்வளவும் நான் எழுதக் காரணம் சினிமாக்காரர்கள்கூட அல்லர். எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஒரு கதை எழுதினாள். கால இயந்திரத்தில் ஏறித் தன் தாத்தாவின் சிறுவயது நொய்யலுக்குப் போய் ஒரு குடம் தண்ணீர் மொண்டு வருகிறாள் கதாநாயகி. வகுப்பில் அதை வாசித்தபோது பின் வரிசையில் ஒருத்தி அந்த அலுத்த குரலை எடுத்துக்கொண்டாள்: “ஏம்மா, குடத்துக்குப் பதிலா லாரி எடுத்துட்டுப் போயிருக்கலாமே!” வகுப்பு குலுங்கிச் சிரித்தது. நகைச்சுவை நன்றாகத்தான் இருந்தது என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். அதன்பின் வரிசையாக அவள் உச்சரிப்பு, அவள் சடை, அவள் கிழிந்த நோட்டு என்று “விமரிசனம்” தொடர்ந்தது. அவள் அந்த நோட்டை அப்புறம் யாரிடமும் காட்டவில்லை.

அங்கே கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. அன்றைய ஆற்றிலிருந்து இன்றைக்கு ஒரு குடம் தண்ணீரை எடுத்து வந்துவிட்டால், அன்று அதைக் குடித்திருக்க வேண்டியவர் யார்? அது அவளுடைய தாத்தாவாகவே இருந்தால்? ‘இன்று நேற்று நாளை’யில் சாக வேண்டிய ரௌடி, கால இயந்திரத்தால் பிழைத்துவிடுவதனால் எழும் சிக்கல் இதே இனந்தான். யாராவது ஒருத்தி இதைக் கேலியாகவே கேட்டிருந்தாலும் அந்தக் கதை வளர்ந்திருக்கும்.

ஆகவே தலைமை ஆசிரியைச் சகோதரி அவர்களிடம் அறிவியல் மன்றத்தின் சார்பில் ஒரு விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். பருவத்துக்கு ஒரு முறை ஓர் அறிவியல் புனைகதைப் படத்தை முழுமையாகத் திரையிட வேண்டும். பிறகு ஒரு மணி நேரம் யார் வேண்டுமானாலும் எழுந்து கேலி செய்யலாம். எந்தக் காட்சி, என்ன பிழை என்று சொல்லிவிட்டுத்தான் சிரிக்க வைக்க வேண்டும். யாருடைய உருவத்தையும் தொட்டால் மணி அடித்து உட்கார வைக்கப்படும். இயற்பியல் ஆசிரியை நடுவராக இருக்கச் சம்மதித்துவிட்டார். மணியும் அவரே கொண்டு வருவாராம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து வந்த பெயர்ப் பட்டியலில் அந்தக் கதாசிரியையின் பெயரும் இருக்கிறது. முதல் படம் எது என்பதில் மட்டும் மன்றத்துக்குள் இன்னும் தகராறு தீரவில்லை. ஒரு கட்சி ‘கலை அரசி’ என்கிறது. மறு கட்சி நம்ம ஊர்க்காரர் படம்தான் முதலில் என்கிறது.