மாத்திரை கேட்கவில்லை – யார் குற்றம்?

ஆலையில் வேலை செய்யும் பெண்ணுக்குச் சிறுநீர் கழிக்கும்போது எரிகிறது, அடிவயிறு வலிக்கிறது. டாக்டரிடம் போனால் கூலி போகும். மருந்துக் கடையில் சொல்லி இரண்டு மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு ஷிப்டுக்கு ஓடுகிறாள். எரிச்சல் தணிகிறது. சில வாரங்களில் மீண்டும் வருகிறது. இம்முறை அதே மாத்திரை கேட்கவில்லை!

ஏன்? இந்நோயைப் பெரும்பாலும் உண்டாக்குவது ஈ.கோலை என்னும் கிருமி. நம் குடலில் வாழும் இது சிறுநீர்ப் பாதைக்குள் புகுந்தால் நோயாகிறது. கண்டபடி மருந்து தின்றால் பலவீனமான கிருமிகள் சாகும்; மருந்தைத் தாங்கும் கிருமிகள் பிழைத்துப் பெருகும். பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங் 1945-ஆம் ஆண்டிலேயே, நோபல் பரிசு பெற்றபோது, இந்த அபாயத்தை எச்சரித்தார்.

"தொழிலாளிக்கு அறிவு போதாது" என்று கனவான்கள் உபதேசம் செய்கிறார்கள். நாம் கேட்கிறோம்: நோய் எங்கே பிறக்கிறது? மெஷினை விட்டு நகர்ந்தால் மேஸ்திரி முறைக்கிறார். கக்கூஸ் போக நேரிடுமே என்று அவள் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. நடவு வயலில் குனிந்து நிற்கும் பெண்ணுக்கு ஒதுங்க மறைவிடமும் இல்லை. தண்ணீர் குடிக்காமல், சிறுநீரை அடக்கி அடக்கியே நோய்க்கு இடம் கொடுக்க வேண்டியதாகிறது. வேலை நேரத்தில் எப்போதும் போகக்கூடிய கழிப்பிடம் வேண்டுமென்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. எத்தனை முதலாளிகள் அதை மதித்தார்கள்?

புது மருந்து வராதா? வந்தது. கடுமையான சிறுநீர்ப் பாதை நோய்க்கென பிளாசோமைசின் என்ற மருந்துக்கு 2018-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதைத் தயாரித்த அகோஜன் கம்பெனி 2019-இல் திவாலாயிற்று! இத்தகைய மருந்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தினால்தான் அதன் வீரியம் நிலைக்கும். சிக்கனமாக விற்றாலோ லாபம் இல்லை. லாபம் இல்லாத இடத்தில் மூலதனம் நிற்குமா? மனித உயிரை லாபக் கணக்கிடம் ஒப்படைத்தால் இதுதான் கதி.

தோழர்களே! டாக்டர் சொல்லாமல் இந்த மாத்திரைகளைத் தின்னாதீர்கள். சொன்ன நாள்வரை நிறுத்தாதீர்கள். மிச்சம் வைத்து அடுத்தவருக்குக் கொடுக்காதீர்கள். இது நம் கடமை. ஆனால் கடமை நமக்கு மட்டும்தானா? பூட்டில்லாத கழிப்பிடம், குடிநீர், போய்வர நேரம், கூலி வெட்டில்லாத நோய் விடுப்பு, எந்த மருந்து கேட்கும் என்று கண்டறியும் இலவசச் சிறுநீர்ப் பரிசோதனை – இவை நம் உரிமை.

இதைச் சொல்லப் பெண்கள் கூச வேண்டாம். வெட்கப்பட வேண்டியவர்கள் கக்கூசைப் பூட்டியவர்களே! சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் இது முதல் வரிசையில் ஏறட்டும்!