ஆங்கிள் காக்கும் பதினோரு மாச அக்ரிமென்ட்டும்

இங்க புனேயில நம்மாளுங்க வீடுகளுக்குப் போகும்போதெல்லாம் ஒண்ணு கவனிக்கிறேன். கிச்சன் குழாய் சொட்டினா மறுநாளே ஆள் வந்துடுவார். டாய்லெட்ல ஃப்ளஷ் டேங்குக்குத் தண்ணி போற ஆங்கிள் காக் ஒழுகினா மட்டும், அடியில ஒரு பழைய டப்பாவை வச்சுட்டு வருஷக்கணக்கா குடும்பம் நடத்துறாங்க. கேட்டா ஒரே பதில்: "அது ஓனர் வேலைங்க."

அப்படியா? மகாராஷ்டிரா வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999, பிரிவு 14 என்ன சொல்லுது? வீட்டை நல்ல நிலையில வச்சிருக்கறது வீட்டுக்காரர் பொறுப்பு. 15 நாள் நோட்டீஸ் கொடுத்தும் அவர் அசையலைன்னா குடித்தனக்காரரே ரிப்பேர் பண்ணி வாடகையில கழிச்சுக்கலாம், அந்த வருஷ வாடகையில கால் பங்குக்கு மிகாம. ஆஹான்னு குதிக்காதீங்க. உங்க கையில இருக்கறது 11 மாச 'லீவ் அண்ட் லைசென்ஸ்'. அதுப்படி நீங்க குடித்தனக்காரரே கிடையாது, லைசென்ஸி. அக்ரிமென்ட்ல எழுதினதுதான் உங்களுக்கு வேதம். அதை எடுத்துப் படிங்க, சின்ன ரிப்பேர் யார் தலையிலன்னு தெரியும் :-)

சொசைட்டி ஆபீஸ்ல போய் நின்னா, பொதுக்குழாய்தான் எங்க பொறுப்பு, ஃபிளாட்டுக்குள்ள இருக்கறது உறுப்பினர் செலவுன்னு துணைவிதியைக் காட்டுவாங்க. உறுப்பினரோ நியூஜெர்சியில தூங்கிட்டிருப்பார். காக் பாட்டுக்குச் சொட்டிட்டே இருக்கும்.

விநாடிக்கு ஒரு சொட்டு, 20 சொட்டு ஒரு மில்லின்னு கணக்குப் போட்டா, நாளைக்கு நாலு லிட்டருக்கு மேல. நான் இருக்கற வாகட் பக்கம் பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சி. 2019 நவம்பர்ல 'ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணி'ன்னு ஆரம்பிச்ச ஊர். கோடையில டேங்கர் வரலைன்னு வாட்ஸப்ல கத்துறவங்க வீட்லயும் அந்த டப்பா இருக்கு.

இத்தனைக்கும் வேலை என்ன பெரிய ராக்கெட்டா? வருஷக்கணக்கா திருப்பாம விட்டா உப்புத்தண்ணி படிஞ்சு இறுகிடும், பேக்கிங் காஞ்சிடும். ஒருநாள் யாராவது திருப்பினதும் கைப்பிடி அடியில கசியும். அங்க இருக்கற கிளாண்ட் நட்டை ஸ்பானரால ஒரு கால் சுத்து இறுக்கினா பாதிப் பேர் வீட்ல நின்னுடும். நிக்கலைன்னா பாத்ரூம் லைனை மூடிட்டு, நட்டைக் கழட்டி, டெஃப்லான் டேப்பைத் திரிச்சு ஸ்பிண்டிலைச் சுத்தி மறுபடி இறுக்கணும். டேங்குக்குப் போற பைப் முனையில சொட்டினா வாஷர். கால் சுத்துல மூடற புது ரகத்துல உள்ள செராமிக் தகடு. அது போச்சுன்னா உள்பாகத்தையே மாத்தணும். சுவத்துக்குள்ள போற மரையில ஒழுகினா மட்டும் பிளம்பரைக் கூப்பிடுங்க. பழைய பைப் உள்ளயே உடைஞ்சா டைல்ஸை உடைக்கணும்.

அப்ப ஏன் செய்யறதில்ல? கம்ப்யூட்டரைப் பிரிச்சு ராம் மாத்துவோம், பைக் செயினுக்கு எண்ணெய் விடுவோம், கிரீஸ் கறையோட போட்டோகூடப் போடுவோம். டாய்லெட்ல முட்டி போட மாட்டோம். ஓனர், அக்ரிமென்ட் எல்லாம் சாக்கு. 'அங்க கை வைக்க வேற ஆளுங்க இருக்காங்க'ங்கற நெனப்புதான் விஷயம். அதுக்குச் சாதின்னு பேரு. நாகரிகமா 'பிளம்பர் வரட்டும்'னு சொல்லிக்கறோம். எங்க சொசைட்டியில கிச்சனுக்கும் அந்த காக்குக்கும் ஒரே மாடி டேங்க், ஒரே தண்ணி. (புதுப் பெரிய காம்ப்ளெக்ஸ்ல ஃப்ளஷுக்கு மறுசுழற்சித் தண்ணி தனி லைன்ல வரும். அவங்களுக்கு மட்டும் கையுறை சலுகை உண்டு.)

இதே புனேயிலதான் 1868-ல ஜோதிராவ் பூலே, பொதுக் கிணத்துல தண்ணி எடுக்க விடாம தடுக்கப்பட்டவங்களுக்குத் தன் வீட்டுத் தண்ணித் தொட்டியைத் திறந்துவிட்டார். சொந்தச் சாதிசனம் என்ன சொல்லும்னு தெரிஞ்சே செஞ்சார். நமக்கு ஸ்பானர் எடுக்கவே ஓனர் பர்மிஷன் வேணும்.

டெபாசிட்டைப் பத்திக் கவலைப்படறவங்களுக்கு ஒரு வார்த்தை: காக்கையே மாத்தினா பழசைத் தூக்கிப் போட்டுடாதீங்க. பில்லோட ஒரு கவர்ல போட்டு வைங்க, வீடு காலி பண்ணும்போது அவர் கேட்பார்.