உடம்பு யாருடையது?

மாதவிலக்கு நின்ற பெண்கள் உடல் தகிப்பாலும் தூக்கமின்மையாலும் படும் துன்பத்திற்கு ஹார்மோன் சிகிச்சை என்று ஒன்று இருக்கின்றது. ஆனால், "அதைச் சாப்பிட்டால் உடம்பு பெருத்துவிடும்" என்று சொல்லியே அநேகரைத் தடுத்து விடுகிறார்கள். ஆராய்ந்து பார்த்தவர்கள் கண்டதென்ன? சிகிச்சை பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் எடையில் குறிப்பிடத்தக்க வித்தியாசமில்லை என்பதேயாகும். அந்தப் பருவத்தில் எடை கூடுவதற்கு வயதும், உடலுழைப்புக் குறைவுமே பெருங்காரணங்கள்.

கவனிக்க வேண்டிய அபாயம் வேறு. அமெரிக்காவில் 16,608 பெண்களைக் கொண்டு நடந்த சோதனையில், ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரை மார்புப் புற்றுநோயையும் பக்கவாதத்தையும் ஓரளவு அதிகப்படுத்துவதாகக் கண்டு, 2002-ல் அதை இடையிலேயே நிறுத்தினார்கள். ஆகவே, வைத்தியரிடம் விசாரிக்க வேண்டியது தன் வயதையும் நோயையும் பற்றியே ஒழிய, இடுப்பின் அளவைப் பற்றியல்ல.

"தலைவிதி, பொறுத்துக்கொள்" என்பவர்களையும், "பருத்துவிடுவாய்" என்று பயமுறுத்துபவர்களையும் நாம் கேட்பது ஒன்றுதான்: உடம்பு யாருடையது?